புளூபெர்ரித் தோட்டத்துப் பூஞ்சைகள்: கருகிய துளிரை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், மே மாத நடுவில், ஒரு புளூபெர்ரிச் செடியின் இளந்துளிர் தலை கவிழ்ந்து பழுப்பாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணமாக இருக்கக்கூடியவை குறைந்தது ஐந்து: மம்மி பெர்ரி எனப்படும் பூஞ்சை நோய், சாம்பல் பூசணம், போமாப்சிஸ் நுனிக்கருகல், ஸ்கார்ச் வைரஸ், சென்ற வாரம் இரவில் இறங்கிய உறைபனி. உறைபனி கருக்கியதற்கு மருந்தே கிடையாது. வைரஸ் என்றால் செடியைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர வழியில்லை. மீதி மூன்றுக்கும் தெளிப்பு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மம்மி பெர்ரிக்கு நன்றாகக் கேட்கும் மருந்து சாம்பல் பூசணத்திடம் பெரிதாக எடுபடாது. பெயரைத் தவறாகச் சொன்னால் பணமும் போகும், அந்த ஆண்டு விளைச்சலும் போகும்.

இப்போதெல்லாம் ஓர் இலையைக் கைப்பேசியில் படமெடுத்து "இது என்ன நோய்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. செயலியும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. புளூபெர்ரியைப் பொறுத்தவரை குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இலை சாகும்போது காட்டக்கூடிய நிறங்கள் மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று கையடக்கம்தான். பூஞ்சை தாக்கினாலும், வேர் நீரில் மூழ்கினாலும், உரம் மிகுந்தாலும் அதே நிறங்கள்தான் வரும். நோயை அடையாளம் காண நிறத்தைவிட உதவுபவை வேறு நான்கு கேள்விகள். எந்த மாதத்தில் தெரிந்தது? செடியின் எந்த உறுப்பில் முதலில் தொடங்கியது? ஒரு கிளை மட்டுமா, செடி முழுவதுமா? கத்தியால் வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

புளூபெர்ரி தோட்டப் பயிராகி அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கொவில், இந்தச் செடி அமில மண்ணில்தான் பிழைக்கும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட், காட்டில் பெரிய காய் காய்த்த புதர்களைத் தேடிப்பிடித்து அவருக்குக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து வளர்த்த செடிகளின் முதல் வணிக விளைச்சல் 1916-ல் சந்தைக்குப் போனது. நெல்லையோ திராட்சையையோபோல ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதரோடு ஊர் ஊராகப் போன பயிர் அல்ல இது. பிறந்த காட்டுக்குப் பக்கத்திலேயே வரிசை கட்டி நடப்பட்டது. அந்தக் காட்டில் அதன் உறவுச் செடிகளைத் தின்று வாழ்ந்த பூஞ்சைகளுக்கு இது வீட்டுக்கு வந்த விருந்து. உறவு என்றால் வாக்சினியம் பேரினம். அதே பேரினத்தைச் சேர்ந்த சிறு மரங்கள் நீலகிரி, பழநி மலைச் சோலைக்காடுகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கின்றன. நம் மலைகளில் நடக்கிறவர்கள் பெயர் தெரியாமல் அவற்றைக் கடந்து போயிருக்கக்கூடும்.

செடியின் உடற்கூறு பற்றி இன்னொன்று. புளூபெர்ரி வேரில் பிற செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவிகள் இல்லை. மண்ணின் மேற்பரப்பிலேயே நார் நாராகப் படரும் மெல்லிய வேர்கள்தான். தூவிகள் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை, வேர்ச்செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் நன்மை செய்யும் பூஞ்சைகள் செய்கின்றன. ஆகவே பூஞ்சை என்ற சொல்லைக் கேட்டதும் மருந்துத் தெளிப்பானைத் தூக்குவது இந்தச் செடியிடம் அவ்வளவு பொருத்தமில்லை.

இனி மம்மி பெர்ரிக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மோனிலினியா வாக்சினியை-கொரிம்போசி என்னும் இந்தப் பூஞ்சையின் ஓராண்டு வாழ்க்கையைப் புரிந்துகொண்டால், நோய் கண்டறிதலில் நாட்காட்டி எவ்வளவு முக்கியம் என்பது தானாக விளங்கிவிடும்.

குளிர்காலத்தில் இந்தப் பூஞ்சை செடியில் இருப்பதில்லை. செடிக்கடியில், முந்தைய கோடையில் உதிர்ந்த நோய்க்காய்களுக்குள் உறங்குகிறது. அந்தக் காய்கள் வற்றி, கறுத்து, கெட்டியாகி, சின்னஞ்சிறு பறங்கிக்காய்போல வரி வரியாகச் சுருங்கிக் கிடக்கும். பதப்படுத்தப்பட்ட எகிப்தியப் பிணங்களின் பெயரை இதற்கு வைத்தவர் மிகைப்படுத்தவில்லை. நல்ல காய் உதிர்ந்தால் சில வாரங்களில் மக்கிவிடும். இவை மக்குவதில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது பழச்சதையே அல்ல, இறுகிப்போன பூஞ்சை இழைகள். வசந்தத்தின் தொடக்கத்தில் செடியின் இலைமொட்டு லேசாகப் பச்சை காட்டும் அதே வாரங்களில், ஈரமான மண்ணில் பாதி புதைந்த மம்மியிலிருந்து பழுப்பு நிறக் காம்பு ஒன்று எழும்பி, நுனியில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள கிண்ணமாக விரிகிறது. தோட்டத்தில் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. முழங்காலிட்டு, பாசி படர்ந்த ஈர இடங்களில், காய்ந்த இலைகளை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒரே மம்மியில் பல கிண்ணங்கள் முளைத்திருப்பதும் உண்டு. இலேசாக ஊதினால் சில சமயம் புகைபோல வித்துகள் கிளம்புவதைக் கண்ணாலேயே காணலாம்.

காற்று அந்த வித்துகளை இளந்துளிர்களுக்குக் கொண்டுபோகிறது. துளிர் நனைந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வெப்பம் 14 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் சுமார் 4 மணி நேர ஈரம் போதும். 2 டிகிரிக் குளிரில் சுமார் 10 மணி நேரம் தேவைப்படும். இரண்டு வாரம்போல ஆனதும் துளிர் திடீரென்று வாடிக் கவிழ்கிறது. இங்கே கைலென்ஸை எடுத்துக்கொள்ள வேண்டும். மம்மி பெர்ரியால் கருகிய இலையில் பழுப்பு நிறம் ஓரத்திலிருந்து உள்ளே வருவதில்லை. இலைக்காம்பில் தொடங்கி நடுநரம்பு வழியே, பிறகு பக்க நரம்புகள் வழியே பரவுகிறது. ஓரம் இன்னும் பச்சையாக இருக்கும்போதே நரம்புகளைச் சுற்றி மட்டும் பழுப்பாகியிருக்கும். அடுத்த சில நாள்களில் காம்பின்மீதும் நடுநரம்பின் அடிப்பகுதியிலும் வெளிறிய சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவுப் படலம் தோன்றும். அது இரண்டாம் தலைமுறை வித்துகள்.

அடுத்து நடப்பதை முதன்முதலில் கேட்டபோது நம்புவது கடினமாக இருந்தது. பூஞ்சையியலாளர் லேக் பத்ராவும் தேனீ ஆய்வாளர் சுசான் பத்ராவும் 1985-ல் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். நோய்பட்டுக் கருகிய இலைகள் புற ஊதாக் கதிரைப் பிரதிபலிக்கின்றன. மனிதக் கண்ணுக்குச் செத்த இலை, தேனீயின் கண்ணுக்குப் பூ. அதோடு அந்த மாவுப் பரப்பு மணக்கிறது, சர்க்கரையும் சுரக்கிறது. தேனீ அங்கே வந்து இறங்கி, நக்கி, உடம்பெல்லாம் பூஞ்சை வித்துகளை அப்பிக்கொண்டு, பக்கத்தில் உண்மையாகவே மலர்ந்திருக்கும் புளூபெர்ரிப் பூவுக்குப் போகிறது. சூலகமுடியில் மகரந்தத்தோடு பூஞ்சையையும் வைத்துவிட்டுக் கிளம்புகிறது. மகரந்தக் குழாய் சூல்பைக்கு இறங்கும் அதே பாதையில் பூஞ்சை இழையும் இறங்குகிறது. பூ மலர்ந்த முதல் ஓரிரு நாள்களில் இது எளிதாக நடக்கிறது. பல நாள்களுக்கு முன்பே மகரந்தம் சேர்ந்த பூ என்றால் பூஞ்சைக்கு அவ்வளவு எளிதல்ல.

பூவுக்குள் போன பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. காய் பச்சையாக, மற்றக் காய்களைப் போலவே பருக்கும். இந்தக் கட்டத்தில் நோயைக் கண்டுபிடிக்க ஒரே வழி காயைக் குறுக்கே அறுப்பதுதான். நல்ல காயில் விதை அறைகள் ஈரமாகவும் சற்றுக் கண்ணாடித்தன்மையோடும் இருக்கும். நோய்க்காயில் அந்த அறைகளில் வெள்ளைப் பஞ்சு அடைத்திருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் கைநிறையப் பச்சைக் காய்களைப் பறித்து அறுத்துப் பார்த்தால், தோட்டத்தில் எவ்வளவு இழப்பு வரப்போகிறது என்பது அறுவடைக்குப் பல வாரம் முன்பே தெரிந்துவிடும். நல்ல காய்கள் நீலமாகும் நேரத்தில் நோய்க்காய்கள் நீலமாகாமல் வெளிர் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு மாறி, சுருங்கி, உதிர்ந்து, மண்ணில் அடுத்த வசந்தத்துக்குக் காத்துக் கிடக்கும்.

இந்தச் சுழற்சியில் எங்கே வெட்டுவது என்பதும் இப்போது தெளிவாகிறது. கிண்ணங்கள் எழும்புவதற்கு முன் மண்மீது ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குப் புதிய மூடாக்கு போட்டுவிட்டால் அவற்றால் மேலே வர முடியாது. லேசாக மண்ணைக் கிளறிப் புதைத்தாலும் பலன் உண்டு. மருந்து தெளிப்பவர் மொட்டு பச்சை காட்டும்போது தெளிக்க வேண்டும். கருகிய துளிரைக் கண்ட பிறகு தெளித்தால் அந்தத் துளிருக்கு எந்தப் பயனும் இல்லை. அப்போதைய தெளிப்பு காப்பாற்றுவது பூக்களை மட்டுமே.

முதலில் சொன்ன ஐந்து காரணங்களில் மற்ற நான்கை எப்படிப் பிரிப்பது? உறைபனி எளிது. தோட்டத்தின் தாழ்வான, குளிர்ந்த காற்று தேங்கும் பகுதியில் எல்லாச் செடியின் துளிர்களும் ஒரே இரவில் கறுத்திருக்கும். பூஞ்சை அப்படி ஒழுங்காக வேலை செய்யாது. அங்கொன்று இங்கொன்றாகத்தான் தாக்கும். ஆனால் உறைபனியோடு விஷயம் முடிவதில்லை. பனி கொன்ற திசுவில்தான் போட்ரைட்டிஸ் சினேரியா என்னும் சாம்பல் பூசணம் குடியேற விரும்பும். பூக்கும் பருவத்தில் தொடர்ந்து சில நாள் குளிர்ந்த மழை பெய்தால் பூங்கொத்துகள் பழுப்பாகி, காய்களோடு ஒட்டிக்கொண்டு, அவற்றின்மேல் அடர்ந்த சாம்பல் நிற மயிர்ப் படலம் வளரும். மம்மி பெர்ரியின் மாவு காம்போடும் நரம்போடும் நின்றுவிடும். போட்ரைட்டிஸின் சாம்பல் இதழ், காம்பு, துளிர் என்று பார்க்கும் இடமெல்லாம் பரவும், தட்டினால் தூசி பறக்கும். சந்தேகம் இருந்தால் கருகிய துளிரை ஈரக் காகிதத்தோடு ஒரு டப்பாவில் மூடி ஓரிரு நாள் வைத்தால் போதும். போட்ரைட்டிஸ் என்றால் தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாது.

போமாப்சிஸின் வழி வேறு. அது பெரும்பாலும் விரியும் பூமொட்டுகள் வழியாக நுழைந்து, நுனிக் குச்சியைக் கொன்று, மெதுவாகக் கீழிறங்கும். செத்த குச்சிக்கு நடுவே செத்த மொட்டுகள் ஒட்டியிருக்க, எல்லைக்கோடுபோலப் பழுப்பு நிறம் கீழ்நோக்கி நகர்வதைக் காணலாம். பிறகு அந்தப் பட்டையில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் எழும். வித்துகளை அடைத்து வைத்திருக்கும் கூடுகள் அவை. ஸ்கார்ச் வைரஸுக்கு அடையாளம் அது பிடித்த செடியில் ஆண்டுதோறும் திரும்ப வருவது. சென்ற ஆண்டு பூக்கள் கருகிய அதே புதரில் இந்த ஆண்டும் பூக்கள் கருகி, உதிராமல் தொங்கும். அசுவினிப் பூச்சிகள் பக்கத்துப் புதருக்குக் கொண்டுபோவதால் கறை மெல்ல வட்டமாக விரியும். எந்தப் புதர் என்று சென்ற ஆண்டே நாடா கட்டி வைத்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

கோடை வந்ததும் ஆட்டம் தண்டுக்கு மாறுகிறது. வட கரோலினா, ஜார்ஜியா போன்ற வெப்பமான தென்கிழக்கு மாநிலங்களில் விவசாயிகளை அதிகம் வருத்துவது பொட்ரியோஸ்பேரியா தண்டுக்கருகல். பச்சைப் புதரின் நடுவில் ஒரே ஒரு கிளை மட்டும் சில நாள்களில் காய்ந்து, இலைகள் உதிராமல் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்தே தெரியும் காட்சி. அந்தக் கிளையை அடியில் வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். பாதி வட்டம் வெளிறிய நல்ல கட்டையாகவும் மறுபாதி காப்பிப் பழுப்பாகவும் இருந்தால் அநேகமாக இதுதான். நிறம் மாறிய பகுதி நெடுகக் கீழே ஓடியிருக்கும். ஆகவே வெட்டுவாயில் பழுப்பு மறையும்வரை இறங்கி, அதற்கும் கீழே ஒரு சாண் நல்ல கட்டையோடு சேர்த்துக் கவாத்து செய்ய வேண்டும். பாதியில் நிறுத்திய கவாத்து பூஞ்சைக்கு எந்தத் தடையும் ஆகாது. இந்தப் பூஞ்சை காயம் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கவாத்துக் காயம், அறுவடை இயந்திரம் உரசிய காயம், எல்லாவற்றையும்விடப் பருவம் தப்பி இட்ட தழைச்சத்தால் கொழுத்து வளர்ந்து முதல் உறைபனியில் வெடித்த இளந்தண்டு. நட்ட முதல் இரண்டு ஆண்டுச் செடியில் வந்தால் அது கிளையோடு நிற்காமல் செடியையே கொண்டுபோய்விடும்.

வடக்கே மிஷிகன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற குளிர்ப் பகுதிகளில் இதே காட்சிக்கு வேறு குற்றவாளி. கோட்ரோனியா அல்லது ஃபியூசிகாக்கம் சொறிநோய் என்பார்கள். அதன் கையெழுத்து பட்டையில் இருக்கிறது. உதிர்ந்த இலையின் தழும்பை நடுவாக வைத்து, முதலில் சிறு சிவப்புப் புள்ளி. அது வளர வளர நீள்வட்டமாகி, நடு சாம்பலாகவும் ஓரம் கருஞ்சிவப்பாகவும் வளையம் வளையமாகத் தெரியும். அந்தப் புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால், முதல் வெயில் நாளில் மேலே உள்ள கிளை முழுவதும் வாடும். வெயில்தான் கொன்றது என்று தோன்றும். உண்மையில் நீர் போகும் வழி அதற்கு வெகு முன்பே அடைபட்டிருந்தது. பழைய தண்டுகளில் சாம்பல்-பச்சையாகப் படரும் லைக்கனை (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி) இவற்றோடு சேர்த்து எண்ணிப் பதறுகிறவர்கள் உண்டு. அது பட்டையின்மேல் குடியிருக்கிறதே தவிரச் செடியைத் தின்பதில்லை.

இலைப்புள்ளிகளை விரைவாகக் கடந்துவிடலாம். பெரும்பாலானவை கண்ணை உறுத்தும் அளவுக்குச் செடியை வருத்துவதில்லை. நடு வெள்ளையும் ஓரம் ஊதாவுமாகச் சில மில்லிமீட்டர் வட்டங்கள் கீழ் இலைகளில் நிறைந்திருந்தால் செப்டோரியா. மேலே மஞ்சள்-சிவப்புப் புள்ளி, இலையைத் திருப்பினால் விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் தூள் என்றால் துரு நோய். இலைக்கு வெளிர்பச்சைத் திட்டும் அதன் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சும், காயிலும் பழுக்காத பச்சைப் புள்ளிகளும் இருந்தால் எக்சோபாசிடியம். ஜார்ஜியா, அலபாமா பக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் பெயர் வாங்கிய நோய் அது. இவற்றின் உண்மையான தீங்கு அறுவடை முடிந்த பிறகுதான். அடுத்த ஆண்டுப் பூமொட்டுகள் இலையுதிர் காலத்துக்கு முன் உருவாகின்றன. அப்போது இலைகள் முன்கூட்டியே கொட்டிவிட்டால் அடுத்த ஆண்டு விளைச்சல் குறையும்.

துரு நோயில் இடம் எப்படி நோயின் போக்கை மாற்றுகிறது என்பது கவனிக்கத்தக்கது. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதியில் இந்தப் பூஞ்சை ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரத்துக்கும் புளூபெர்ரிக்கும் இடையே மாறி மாறி வாழ்கிறது. பக்கத்தில் அந்த மரம் இல்லாவிட்டால் தொல்லை குறைவு. ஆனால் குளிர் இல்லாத நாடுகளில் புளூபெர்ரி இலையை உதிர்ப்பதே இல்லை. பெரு போன்ற இடங்களில் பசுமை மாறாமல் வளர்த்துத்தான் ஏற்றுமதி செய்கிறார்கள். பச்சை இலை ஆண்டு முழுவதும் இருக்கும்போது துருவுக்கு ஹெம்லாக் எதற்கு? இலைக்கு இலை தாவியே காலத்தை ஓட்டிவிடும்.

சாம்பல் நோயும் (முன்பு சொன்ன சாம்பல் பூசணம் அல்ல, இது வேறு) இங்கே ஏமாற்றும். நம் ஊரில் வெண்டையிலும் பூசணியிலும் பார்க்கிற வெள்ளைப் பொடியைப் புளூபெர்ரியில் எதிர்பார்த்தால் கிடைக்காமல் போகலாம். பொடியே தெரியாமல் சிவப்பு வளையங்கள் மட்டும் தோன்றும். சிவப்பு வளையப்புள்ளி வைரஸும் அச்சாக இதே வளையத்தைத்தான் போடுகிறது. இலையைத் திருப்பிப் பார்ப்பதே தீர்வு. வைரஸ் வளையம் பொதுவாக மேற்பரப்போடு நிற்கும். சாம்பல் நோயின் தடம் இரு பக்கமும் தெரியும். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பூஞ்சையைத் தேடவே வேண்டாம். மண்ணின் அமிலத்தன்மை குறைந்து, இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை. மண்ணின் பி.எச். 4.5-லிருந்து 5.5-க்குள் இருக்கிறதா என்று சோதித்தால் போதும். வீட்டுத் தொட்டியில் புளூபெர்ரி வளர்த்து 'நோய் வந்துவிட்டது' என்று வருந்துகிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது இந்தப் பிரச்சினைதான்.

பழத்தைப் பற்றிப் பேசும்போது கடையில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: புளூபெர்ரியின் மேல் இருக்கும் வெண்மையான மெல்லிய பூச்சு பூஞ்சை அல்ல, பழமே சுரந்த மெழுகு. அது கலையாமல் இருப்பது பழம் புதிது என்பதற்கு அடையாளம். அழுகல் வேறு மாதிரி தெரியும். பழத்தின் பூ இருந்த முனை குழிந்து, அதில் இளம் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பான துளிகள் தெரிந்தால் ஆந்த்ராக்னோஸ். கொலிட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சைப் பேரினத்தின் வேலை. நம் மிளகாயில் பழ அழுகலையும் மாம்பழத்தில் கறுப்புப் புள்ளியையும் உண்டாக்குவது இதன் உறவினர்களே. காம்பு இருந்த வடுவில் கரும்பச்சை வெல்வெட் போன்ற வளர்ச்சி என்றால் ஆல்டர்னேரியா.

ஆந்த்ராக்னோஸின் தந்திரம் அதன் பொறுமை. பூக்கும் காலத்திலிருந்தே வித்துகள் மழைத்துளி தெறித்துக் காய்க்குள் இறங்கி, ஒன்றும் செய்யாமல் காத்திருக்கின்றன. காயில் சர்க்கரை ஏறிய பிறகுதான் எழுகின்றன. பறிக்கும்போது பளபளவென்று இருந்த பழம் பெட்டியில் அழுகுவது இதனால்தான். விவசாயி வாங்குபவரைக் குறைசொல்வதும், வாங்குபவர் லாரியைக் குறைசொல்வதும் வழக்கம். உண்மையில் தொற்று நடந்தது பல வாரங்களுக்கு முந்தைய ஒரு மழையில். புளூகிராப், ஜெர்சி போன்ற பழைய ரகங்கள் இதற்கு எளிதில் ஆட்படும். எலியட் ஓரளவு தாங்கும்.

இதைப் பறிப்பதற்கு முன்பே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வெவ்வேறு புதர்களிலிருந்து நூறு பழங்களைப் பறித்து, ஒன்றையொன்று தொடாமல் ஒரு தட்டில் ஈரக் காகிதத்தின்மேல் அடுக்கி, மூடி, அறை வெப்பத்தில் ஒரு வாரம் போல வைக்க வேண்டும். தொடாமல் அடுக்குவது முக்கியம். தொட்டால் ஒன்றின் அழுகல் அடுத்ததற்குப் பரவி எண்ணிக்கை பொய்யாகும். ஆரஞ்சுப் பிசின், கரும்பச்சை வெல்வெட், சாம்பல் மயிர் என்று மூன்று குவியலாகப் பிரித்து எண்ணினால் எந்த நோய் எவ்வளவு என்று கைமேல் கணக்கு வந்துவிடும். ஆய்வகமோ நுண்ணோக்கியோ வேண்டியதில்லை. இந்தச் சோதனையைப் பத்துப் புகைப்படங்களுக்கு மேலாக நான் மதிக்கிறேன்.

கடைசியாக வேர். ஒரு கிளை அல்ல, செடி முழுவதுமே மெலிந்து, இலைகள் சிறுத்து, கோடை நடுவிலேயே சிவந்து, வளர்ச்சி நின்றுவிட்டால் கண்ணைத் தண்டிலிருந்து மண்ணுக்கு இறக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி பைட்டோப்தோரா சின்னமோமி. முதன்முதலில் 1922-ல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரங்களில் கண்டு விவரிக்கப்பட்டதால் பெயரிலும் அந்த மரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜாரா என்னும் யூகலிப்டஸ் மரக் காடுகளையும் உலகமெங்கும் அவகாடோத் தோட்டங்களையும் அழித்தது இதே உயிரி. பழக்கத்தில் பூஞ்சை என்று சொன்னாலும் உயிரியல் வகைப்பாட்டில் இது பூஞ்சை அல்ல. இதன் செல்சுவரில் இருப்பது பூஞ்சைகளுக்குரிய கைட்டின் அல்ல, தாவரங்களில் உள்ள செல்லுலோஸ். பூஞ்சைகள் தயாரிக்கும் எர்கோஸ்டிரால் என்னும் பொருளை இது தயாரிப்பதுமில்லை. இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை அல்ல. மம்மி பெர்ரிக்குத் தெளிக்கும் டிரையசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டிரால் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. இல்லாத ஒன்றை எப்படித் தடுப்பது? 'பூஞ்சைக்கொல்லி' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கியவர் இங்கே ஏமாறுவார். இதற்கு மெட்டலாக்சில் வகையும் பாஸ்போனேட் வகையும்தான் ஓரளவு உதவும். அவையும் வடிகால் சரியில்லாத இடத்தில் தோற்கும்.

அடையாளம் காண, செடியின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி மெல்லிய வேர்களை அலசிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளிறிய பழுப்பாக, பிடித்து இழுத்தால் உறுதியாக இருக்கும். நோய்பட்ட வேர் கறுத்து, நைந்து, மெல்லிய வேர்களே இல்லாமல் கட்டைவேர் மட்டும் மிஞ்சியிருக்கும். தோட்டத்தில் செத்த செடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் குறித்துப் பார்த்தால், மழைநீர் தேங்கும் தாழ்நிலத்தின் வரைபடம் அப்படியே கிடைத்துவிடும். இந்த உயிரியின் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை. அதனால்தான் மேட்டுப்பாத்தி இங்கே மருந்தைவிடப் பெரிய மருந்து. காடழித்த நிலத்தில் நட்ட தோட்டம் என்றால் ஆர்மிலேரியாவையும் நினைவில் கொள்ள வேண்டும். தண்டின் அடியில் பட்டையை உரித்தால் உள்ளே விசிறிபோல வெள்ளைப் படலம், மண்ணில் கறுப்பு நூல்கள், இலையுதிர் காலத்தில் அடியில் தேன்நிறக் காளான் கொத்து. மண்ணுக்குள் விட்டுப்போன பழைய மரவேர்தான் அதன் உணவுக்கிடங்கு.

இவ்வளவும் பார்த்த பிறகும் முடிவுக்கு வர இயலவில்லை என்றால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதே சரி. அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் தாவர நோய் ஆய்வகங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகக் காய்ந்து செத்த கிளையைத்தான் வெட்டி அனுப்புகிறார்கள், அதில் நோய் 'தெளிவாக' இருக்கிறது என்ற நம்பிக்கையில். ஆய்வகத்துக்கு அதனால் பயனில்லை. செத்துப் பல நாளான திசுவில் கொன்ற பூஞ்சை இருந்த இடத்தில், பிணம் தின்ன வந்த ஆல்டர்னேரியா முதலிய பூஞ்சைகள் நிறைந்திருக்கும். வளர்ப்புத் தட்டில் முதலில் முளைத்து வருவதும் அவைதான். வெட்ட வேண்டியது பாதி செத்து, பாதி உயிரோடு இருக்கும் கிளையை, பழுப்பும் பச்சையும் சந்திக்கும் எல்லை நடுவில் வரும்படியாக. ஈரக் காகிதத்தில் சுற்றி நெகிழிப் பையில் அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். உலர்ந்த காகிதத்தில் சுற்ற வேண்டும். வேர்நோய் என்று சந்தேகம் இருந்தால் அதைச் சுற்றிய மண்ணோடு இரண்டு கைப்பிடி வேரையும் தனிப் பையில் சேர்க்க வேண்டும். கூடவே ஒரு தாளில்: எப்போது முதலில் கண்டது, அதற்கு முந்தைய இரண்டு வாரம் மழையும் குளிரும் எப்படி, கடைசியாக என்ன தெளித்தது, எத்தனை செடியில், எந்தப் பகுதியில்.